இம்பாக்ட் டிரைவரால் சைக்கிள் போல்ட்டை முடுக்கலாமா?

மன்னார்குடியில் இருந்து ஒரு தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். புதிதாக எம்டிபி, அதாவது மலைப்பாதையில் ஓட்டும் மவுண்டன் பைக் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். அதே மாதம், ஸ்குரூவை அடித்து முடுக்கும் 18 வோல்ட் பேட்டரி இம்பாக்ட் டிரைவரும் வாங்கிவிட்டார். சைக்கிள் வேலைக்கு அந்த மிஷினைப் பயன்படுத்தலாமா? மலையே இல்லாத நம் ஊரில் எம்டிபி வைத்து என்ன செய்வது? வீட்டில் சின்னதாக ஒரு பட்டறை போட இன்னும் என்ன வேண்டும்?

தம்பி, இதே மூன்றைத்தான் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். விடியும் முன் கும்பகோணத்தில் கிளம்பி, சுவாமிமலை தாண்டி கபிஸ்தலம் பக்கம் காவிரிக் கரையோடு போய்விட்டுத் திரும்பும்போது டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். முதல் கால் மணி நேரம் சைக்கிள் பேச்சு. அப்புறம் முழுக்க மிஷின்தான். எங்களில் ஒருவர் தச்சு வேலை செய்பவர், ஒருவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கும் பையன்கள். பதினைந்து வருஷமாக என் வீட்டுப் பின்கட்டில்தான் எல்லோருடைய சைக்கிளும் பிரிபடுகிறது. அதனால் இந்தப் பதிலை என் கைப்பழக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இம்பாக்ட் டிரைவரால் சைக்கிளில் எந்த போல்ட்டையும் முடுக்காதீர்கள். ஒன்றைக்கூட வேண்டாம். காரணம் புரிந்தால் யாரும் சொல்லாமலே உங்கள் கை அந்த மிஷினைச் சைக்கிள் பக்கம் கொண்டுபோகாது.

சாதாரண ட்ரில் மிஷினில் மோட்டார், கியர் வழியாக, பிட்டைப் பிடித்திருக்கும் ‘சக்’கை நேராகச் சுற்றுகிறது. ஸ்குரூ இறுகி நின்றதும் மிஷின் உங்கள் மணிக்கட்டை எதிர்ப்பக்கமாக முறுக்கும். அந்த முறுக்குதான் ‘போதும்’ என்று கைக்கு வரும் சேதி. இம்பாக்ட் டிரைவரில் மோட்டாருக்கும் பிட்டுக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு சுத்தியல் உட்கார்ந்திருக்கிறது. லேசாகச் சுற்றும் வரை அதுவும் சேர்ந்து சுற்றும். எதிர்ப்பு கூடியதும் பின்வாங்கி, மறுபடி வந்து மோதும். நிமிடத்துக்கு மூவாயிரம் முறைக்கு மேல் இப்படி அடிக்கும். அடி முழுவதும் ஸ்குரூவுக்குத்தான் போகிறது, உங்கள் மணிக்கட்டுக்கு ஒன்றும் வராது. அதனால்தான் ஒற்றைக் கையால் மூன்று அங்குல ஸ்குரூவை மரத்தில் இறக்க முடிகிறது. தச்சு வேலைக்கு அது வரம். சைக்கிளில் அதுவே ஆபத்து. போல்ட் எப்போது இறுகியது, எப்போது மரை கிழிய ஆரம்பித்தது என்று கைக்குத் தெரியவே தெரியாது.

கணக்கையும் பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் நாலு சின்ன போல்ட் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய முறுக்கு 5 நியூட்டன் மீட்டர், முன்னே பின்னே ஒன்று. பிரேக் டிஸ்க் தகட்டைப் பிடிக்கும் நட்சத்திரத் தலை போல்ட்டுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெடலுக்கு 35 முதல் 40. உங்கள் 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவரின் பெட்டியில் பாருங்கள், 150க்கு மேல் போட்டிருக்கும். ட்ரிக்கரை மெதுவாக அழுத்தினால் சமாளித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் காலை கிளம்ப வேண்டும், இடது பெடலை மாற்ற வேண்டும். பெடல் அச்சின் பின்புறத்தில் ஆலன் கீ போடும் குழி இருக்கிறது அல்லவா, அதில் பிட்டைச் செருகி இம்பாக்ட் டிரைவரை ஓட்டினேன். இடது பெடலுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் முடுகும், அது தெரியும். திசையைச் சரியாகத்தான் வைத்தேன். இரண்டு சுற்றுக்கு அப்புறம் டகடகவென்று அடிக்கும் சத்தம் வந்தது. பெடல், அதைத் தாங்கும் கையான கிராங்க்கோடு ஒட்டி உட்கார்ந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் சுவாமிமலைக்குப் பக்கத்தில் காலடியில் ஒரு ஆட்டம். இறங்கிப் பார்த்தால் பெடல் சாய்ந்து தொங்குகிறது. கையால் இழுத்ததும் வந்துவிட்டது. அச்சில் தடவியிருந்த கிரீஸ் முழுக்க வெள்ளிப் பொடி கலந்த மாதிரி மின்னியது. அத்தனையும் கிராங்க்கின் அலுமினிய மரை. பெடல் அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். அச்சு கோணலாக நுழைந்தாலும் இம்பாக்ட் டிரைவர் விடாது. இரும்பு தனக்குத் தானே ஒரு வழி வெட்டிக்கொண்டு போய்விடும்.

கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர்தான் அந்தக் கிராங்க்கைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஓட்டையைப் பெரிதாக்கி இரும்பு புஷ் ஒன்று கடைந்து உள்ளே இறக்கினார். பெடல் மரை முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. விட்டம் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. இடது மரை வெட்டும் டேப் என்ற கருவி அவரிடம் இல்லை. லேத்திலேயே மெதுவாக மரை வெட்டினார். அரை நாள் வேலை. நான் மிச்சம் பிடித்தது அரை நிமிஷம்.

பெடலை மாட்ட வேண்டிய முறை இது. அச்சு மரையிலும் கிராங்க் மரையிலும் பழைய அழுக்கைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவுங்கள். அச்சைக் கிராங்க்கின் வாயில் நேராக வைத்து, முதலில் கழற்றும் பக்கமாக விரலால் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் ‘டக்’ என்று ஒரு சின்ன விழுகை தெரியும். மரையின் நுனியும் நுனியும் சந்திக்கும் இடம் அது. அங்கிருந்து முடுக்கும் பக்கமாகத் திருப்பினால் அச்சு நேராகப் போகும். குறைந்தது ஐந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் கோணல், கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். அதற்கப்புறம்தான் ஸ்பேனர். கிராங்க் அச்சுப் பெட்டியையும், அதாவது பாட்டம் பிராக்கெட்டையும், ஒரு நாள் கழற்றுவீர்கள். பெரும்பாலான சைக்கிளில் அதன் செயின் பக்கக் கிண்ணம் இடது மரை. அங்கே திசை தெரியாமல் மல்லுக்கட்டியே ஃபிரேமைப் பாழாக்கியவர்கள் உண்டு.

5 நியூட்டன் மீட்டர் என்றால் கைக்கு எப்படி இருக்கும்? முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கும் வரை இப்படிப் பழகுங்கள். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் கீயைப் படுக்கை வசமாக நிற்கும்படி போல்ட்டில் போட்டு, அதன் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் என்ன இழுப்பு வருமோ, அதுதான் 5 நியூட்டன் மீட்டர். நான் எங்கள் கல்லூரிப் பையன்களுக்கு அப்படித்தான் காட்டினேன். பழைய போல்ட் ஒன்றை வைஸில் பிடித்த நட்டில் முடுக்கி, நிஜமாகவே பையைத் தொங்கவிட்டேன். ‘இவ்வளவுதானா!’ என்றான் ஒருவன். அதுவரை அவன் போட்டுக்கொண்டிருந்தது அதைப் போல மூன்று மடங்கு. பெடலுக்கு, இருபது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ. அதற்குத் தோள்பட்டை வர வேண்டும். ஸ்டெம்முக்கு மணிக்கட்டே போதும். கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால் பழக்கத்தை நம்பாதீர்கள், டார்க் ரெஞ்சேதான். கார்பன் நசுங்கியது வெளியில் தெரியாது, ஒரு நாள் ஓட்டத்தில் உடையும்.

அப்படியானால் மிஷினுக்குச் சைக்கிளில் வேலையே இல்லையா? கழற்றும்போது கொஞ்சம் உண்டு. 12 வோல்ட் ட்ரில் டிரைவர், வைத்த இறுக்கம் வந்ததும் நழுவிவிடும் கிளட்சை மிகக் குறைந்த எண்ணில் வைத்து, கையால் தளர்த்திய போல்ட்டுகளை வெளியே எடுக்கலாம். இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்து பன்னிரண்டு போல்ட் இருக்கிறது, விரல் மிச்சமாகும். கிளட்ச் வளையத்தில் இருக்கும் எண்கள் நியூட்டன் மீட்டர் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். உடைந்து உள்ளே நின்றுவிட்ட போல்ட்டை எடுக்க ட்ரில் மிஷின்தான் கதி. நடுவில் பஞ்ச் குத்தி, 2 மில்லிமீட்டர் பிட்டில் ஆரம்பித்து, மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டு விட்டு ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இடது பக்கம் வெட்டும் பிட் கிடைத்தால் பாதியிலேயே போல்ட் தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டிதான் எம்டிபிக்குத் தாய்வீடு. 1970களில் அங்கே சில இளைஞர்கள் பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைப்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1976இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலையில் தொடங்கிய அந்த இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்த காரணம் பட்டறைக்காரனுக்குத்தான் முழுதாகப் புரியும். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்தான். ஒரு முறை இறங்குவதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும், அந்த ‘மறுபடி அடைப்பது’தான் ரீபேக். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் அந்த ஓட்டத்துக்கென்றே ஃபிரேம் கட்டினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எம்டிபி பந்தயம் நுழைந்துவிட்டது. இத்தனைக்கும் தொடக்கம் பின்கட்டில் உட்கார்ந்து கிரீஸ் அடைத்த வேலைதான். எனக்கு அது பிடித்த கதை.

நம் பக்கம் மலைக்கு எங்கே போவது! கல்லணையில் இருந்து கடலுக்குத் தண்ணீர் போக எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவுதான் நமக்கு வாய்த்த சரிவு. சுவாமிமலையே கட்டுமலை, அறுபது படி ஏறினால் முருகன் சந்நிதி. உண்மையான ஏற்றம் வேண்டுமென்றால் துறையூர் பக்கம் பச்சைமலைக்கோ, எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கும் கொல்லிமலைக்கோ போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை போகிறோம். முதல் முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைந்ததும் விடுங்கள். பிரேக் பேடு தீய்ந்த வாடை வந்தால் ஓரமாக நின்று ஆறவிடுங்கள்.

ஆனாலும் டெல்டாவில் எம்டிபிக்கு வேலை இருக்கிறது, தம்பி. மலைக்குப் பதில் நமக்கு மண் இருக்கிறது. வண்டல், களி, மணல், செம்மண் என்று ஒரே நாளில் நாலு வகை மண்ணில் ஓட்டலாம். தஞ்சாவூர்ப் பக்கம் வல்லம் போனால் செம்மண்ணும் சரளையும், மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ஓட்டலாம். புது ஆற்றங்கரை, 1934இல் திறந்த கல்லணைக் கால்வாயைத்தான் சொல்கிறேன், நிழலோடு நீளமாகப் போகும். எனக்கு மிகவும் பிடித்தது நீலத்தநல்லூர் பக்கம் கொள்ளிடக் கரை. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் அகன்ற ஆறு, மேலே ஒற்றையடி மண் பாதை. மார்கழிப் பனியில் அங்கே ஓட்டிப் பாருங்கள்.

மணலில் ஓட்ட ஆசைப்பட்டுக் கொள்ளிடத்துக்குள் இறங்குவோம், சித்திரை வைகாசியில். அகலமான டயர், காற்றை இறக்கி 20 பி.எஸ்.ஐ. வரைக்கும் கொண்டுவந்து, முன் சக்கரத்தில் பாரம் ஏற்றாமல் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் போகும். ஆனால் மேட்டூர் திறக்கும் நாள் நெருங்கினால் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். ஜூன் 12 வழக்கமான தேதி, அதற்குப் பின் சில நாளில் கல்லணை. வெள்ள காலத்தில் உபரி நீரில் பெரும்பகுதி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்துக்குத்தான் வரும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்து போன அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆற்றின் மேல் மரியாதை இருக்கும். தண்ணீர் வரும் காலத்தில் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் களிமண் வேறு மாதிரி. டயரில் ஒட்டிய மண், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அந்தக் காலத்தில் அகல டயர் உதவாது. 1.9 அல்லது 2 அங்குலம், மேலே புடைத்த பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கிற டயர் வேண்டும். வரப்பின் மேல் மட்டும் ஏற்றாதீர்கள். ஈர வரப்பில் ஒரு டயர் தடம் போதும், தண்ணீர் அந்த வழியாக அரித்து மடை உடைத்துவிடும். நடவு நட்டவர் இரவெல்லாம் அதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். எங்கள் கூட்டத்தில் இது ஒன்றுதான் கட்டாய விதி.

மலைக்காரர்கள் சொல்வதைக் கேட்டுப் பின்னால் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளுக்குப் போகாதீர்கள். நீங்கள் வாங்கியிருப்பது முன் ஃபோர்க் மட்டும் ஆடும் வகை என்று நினைக்கிறேன். அதுவே போதும். பின் சஸ்பென்ஷனில் மூட்டுக்கு மூட்டு பேரிங். நம் சேற்றுத் தண்ணீர் அதற்குள் புகுந்தால் ஒரே மழைக்காலத்தில் கரகரவென்று ஆகிவிடும். முள்தான் நமக்கு நிஜமான எதிரி. சீமைக் கருவேல முள் பைக் டயரையே துளைக்கும், சைக்கிள் டயர் எம்மாத்திரம். ட்யூப் இல்லாத டயரில் சீலன்ட் திரவம் விட்டு ஓட்டுவது நல்ல வழி. நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வு வழியாகக் கொஞ்சம் ஊற்றுங்கள். பஞ்சர் ஒட்டும்போது டயரின் உள்பக்கத்தை விரலால் தடவாதீர்கள், துணியால் தடவுங்கள். முள் நுனி அங்கேயே முறிந்து நிற்கும், துணி அதில் மாட்டும்.

சைக்கிள் கழுவுவதில் எங்கள் பெஞ்சில் அடிக்கடி சண்டை வரும். கார் கழுவும் பிரஷர் வாஷரால் அடித்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் பளபளவென்று ஆகிவிடும் என்பது பையன்கள் கட்சி. அந்த மிஷின்கள் 100 பார் அழுத்தத்துக்கு மேல் தண்ணீரைத் தள்ளும். ஹப், ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான ஹெட்செட், பாட்டம் பிராக்கெட் எல்லாவற்றிலும் ரப்பர் உதடுதான் காவல். அந்த அழுத்தத்துக்கு அது திறந்து தண்ணீரை உள்ளே விட்டுவிடும், கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப்போகும். நமக்கு வாய்த்தது பம்புசெட். தொட்டியில் விழும் தண்ணீரில் அழுத்தம் இல்லை, அளவு இருக்கிறது. சேற்றோடு வந்த சைக்கிளைக் குழாய் வாயில் ஐந்து நிமிஷம் காட்டினால் களிமண் ஊறித் தானாக வழியும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். எண்ணெய்ச் செயினை மட்டும் அந்த வாய்க்காலில் கழுவாதீர்கள்.

செயினுக்கு எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெயையோ, பைக்கில் வடித்த பழைய என்ஜின் ஆயிலையோ ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னது பிசுக்குப் பிடித்து மண்ணைச் சேர்க்கும். பின்னதில் ஏற்கனவே இரும்புத் தூள் இருக்கிறது. செயின் எண்ணெயை ஒரு இணைப்புக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, அரை மணி கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் முழுதாகத் துடைத்துவிடுங்கள். தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை, ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் மையம் வரும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பக்கக் கியர் பற்களும் போயிருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். சேற்றில் ஓட்டும் நமக்கு இது மாதாந்திர வேலை.

மூன்றாவது, பட்டறை. கைக்கருவிதான் முதலில்: நல்ல ஆலன் கீ செட், செயின் பிரிக்கும் கருவி, ஸ்போக் கீ, சின்ன டார்க் ரெஞ்ச், நிற்க வைத்து அடிக்கும் பம்ப். ரிம் கோட்டம் எடுப்பதை முதலில் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் உட்கார்ந்து பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் அவர் ஸ்போக் நுனியில் இருக்கும் நிப்பிளைத் திருப்பவே மாட்டார். அப்புறம் 12 வோல்ட் ட்ரில் டிரைவர். இம்பாக்ட் டிரைவர் உங்களிடம் இருக்கிறது.

பேட்டரி வாங்கும்போது ஒரு விஷயம். 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு விதமாக விற்பார்கள். இரண்டிலும் உள்ளே வரிசையாக இருப்பது ஐந்து லித்தியம் செல்தான். செல்லுக்கு 3.6 என்று கணக்குப் போட்டால் 18, முழு சார்ஜில் ஏற்றிச் சொன்னால் 20. மலிவுப் பெட்டிகளில் 48, 88 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரிலோ தகரக் கொட்டகையிலோ பேட்டரியை விட்டுவிடாதீர்கள். நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள்.

இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் வாங்குவீர்கள், எல்லோரும் வாங்குகிறோம். அதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். நாலு அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடுகிறது. அது உடைந்தால் துண்டும் அதே வேகத்தில்தான் வரும். டிஸ்க்கை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். மரம் அறுக்கும் பல் பிளேடை அதில் மாட்டாதீர்கள், எத்தனை பேர் மாட்டினாலும் சரி. எங்கள் தச்சர் அண்ணனே மாட்டமாட்டார். டிஸ்க்கின் நடுவளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், தயாரித்து மூன்று வருஷம். அதைப் பிணைத்திருக்கும் ரெசின் ஈரத்தில் பலம் குறையும். நம் மழைக்காலத்து ஈரத்துக்கு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். வேட்டி, லுங்கியோடு அந்த மிஷினைத் தொடாதீர்கள். நுனித் துணி டிஸ்க்கில் சுற்றினால் மிஷின் உங்கள் தொடைக்கு வரும். பேன்ட், செருப்பு இல்லாமல் ஷூ, கண்ணாடி. அப்புறம் தீப்பொறி. கீற்றுக் கொட்டகைக்குக் கீழேயோ, வைக்கோல் போர் இருக்கும் பக்கமோ இரும்பை அறுக்காதீர்கள். பொறி பத்தடிக்கு மேல் பறக்கும். அணைந்தது போல இருந்து ஒரு மணி நேரம் கழித்து உள்ளிருந்து புகையும்.

மின்சாரத்தைப் பற்றி எங்கள் மின்வாரிய அண்ணன் ஒவ்வொரு வாரமும் சொல்வதைச் சேர்க்கிறேன். மிஷின் போடும் பிளக்குக்கு, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போடுங்கள். பின்கட்டுத் தரை எப்போதும் ஈரம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்து ஓட்டாதீர்கள், முழுதாக விரித்துவிடுங்கள், சுருளில் சூடு ஏறி உருகும். மிஷின் வழக்கத்தை விட மெதுவாகச் சுற்றினால் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்திப் பிடித்து வேலை வாங்கினால் மோட்டார் சூடாகிக் கருகும். நிறுத்திவிட்டு டீ குடியுங்கள்.

பழைய வீடு என்றால் சைக்கிளைச் சுவரில் தொங்கவிட ஓட்டை போடும் முன் யோசியுங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரில், அடித்துக்கொண்டே சுற்றும் ஹாமர் மோடில் ட்ரில் போட்டால் செங்கல் பொடிந்து ஓட்டை வாய் பிளந்துவிடும், ஸ்குரூவுக்காக உள்ளே செருகும் பிளக் பிடிக்காது. 14, 15 கிலோ சைக்கிள் ஒரு நாள் இரவில் கீழே வரும். சாதாரணச் சுற்று மோடிலேயே போடுங்கள். அதைவிட நல்லது உத்திரத்தில் கயிறு கட்டித் தூக்கிவிடுவது.

உங்கள் இம்பாக்ட் டிரைவருக்கு இப்போது ஒரு வேலை தருகிறேன்: சைக்கிள் ஸ்டாண்ட். வேலை பார்க்கும் உயரத்தில் சைக்கிள் நிற்காதவரை கியர் சரிசெய்ய வராது. 3 × 2 அங்குலக் கட்டையில் ஐந்தடி நீளக் கால் நாலு வெட்டிக்கொள்ளுங்கள். வேம்போ வாகையோ போதும். இரண்டிரண்டாக மேல்நுனியில் கத்தரி போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து ஒரு போல்ட் போடுங்கள். கால்கள் அகலாமல் இருக்க முழங்கால் உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை. இரண்டு கத்தரியையும் நாலடி தள்ளி நிறுத்தி, கீழே நீளக் கட்டைகளால் இணையுங்கள். மேலே கத்தரி வாயில் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப் படுக்கும். சைக்கிள் சீட்டின் மூக்கை அந்தப் பைப்பில் மாட்டினால் பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். நாட்டு மரத்தில் நேராக ஸ்குரூவை இறக்கினால் கட்டை பிளக்கும், அல்லது ஸ்குரூவின் தலை முறியும். 4 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு முதலில் ட்ரில்லால் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ஸ்குரூவின் மரையைச் சோப்புக் கட்டியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அப்புறம் இம்பாக்ட் டிரைவரை எடுங்கள். மூன்று அங்குல ஸ்குரூ வெண்ணெயில் போவது போலப் போகும். நாலு காலின் அடியிலும் பழைய டயர் துண்டு ஒன்றை வெட்டி ஆணி அடித்துவிடுங்கள். தரை ஈரமாக இருந்தாலும் வழுக்காது.